ஆண்டுக்குப் பதினோரு மாதம்

டுவெய்ன்,
நாளை பத்து மணிக்கு நீ கையெழுத்திடப் போகும்
அந்த இரட்டை வீட்டைப் பற்றிக் கேட்டாய்.
பள்ளிப் பேருந்தின் எஞ்சின் சூடேறும் ஐந்து நிமிடத்தில்
சொல்லி முடிகிற சங்கதி இல்லை அது.
எழுதிவிட்டேன்.

வருஷத்துக்குப் பதினோரு மாதம் என்று வைத்துக்கொள்.
பன்னிரண்டாவது மாதத்தைக்
காலி வீடு தின்னும்,
இல்லாவிட்டால் கூரை தின்னும்,
இரண்டுக்கும் பசியில்லாத வருஷத்தில்
வரி வந்து உட்கார்ந்து
இலை போடச் சொல்லும்.

நான் பன்னிரண்டால் பெருக்கினேன்.
டுலூத்தின் மலைச்சரிவு, ஏரி தெரிகிற ஜன்னல்,
மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம்.
காகிதத்தில் அந்த வீடு
மாதாமாதம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.
ஜனவரியில்,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறில்
கொதிகலன் நின்ற இரவில்தான் தெரிந்தது
வேலைக்காரி நான் என்று.
விடுமுறை நாள், இரட்டிப்புக் கூலி,
மெக்கானிக் பூட்ஸைக் கூடக் கழற்றவில்லை.

கீழ்வீட்டுக்கு முதலில் வந்தவன் பெயர் கோர்டி.
இஸ்திரி போட்ட சட்டை.
அப்போது அவன் குடியிருந்த வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.
தங்கமான மனுஷன் என்றார்.
தங்கத்தைத் தள்ளிவிட
அவருக்கு என்ன அவசரம் என்று
எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
அதற்கும் முந்தைய வீட்டுக்காரரைக் கூப்பிடு, டுவெய்ன்.
அவருக்குப் பொய் சொல்ல அவசியமே இல்லை.

கோர்டி போனபோது
குளியல் தொட்டியில் பனிவண்டி எஞ்சின் கிடந்தது.
எண்ணெயோடு.
"முன்பு தொட்டி எப்படி இருந்தது?"
நீதிபதி கேட்டார்.
வெள்ளையாக இருந்தது என்றேன்.
படம் இருக்கிறதா என்றார்.
என்னிடம் வாய்தான் இருந்தது.

அதனால் படம் எடு.
ஒவ்வொரு குழாயையும், கதவின் பின்பக்கத்தையும்,
அடுப்புக்கு அடியிலும்.
வருகிறவரையும் பக்கத்தில் நிற்கச் சொல்,
இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.
அட்வான்ஸைத் தனிக் கணக்கில் போடு.
அது உன் வீட்டில் தங்க வந்த விருந்தாளி,
ஒருநாள் பெட்டியோடு கிளம்பும்.

மேல்வீட்டில் ரெனே.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
ஒரு மார்ச்சில் வாடகை ஒன்பது நாள் பிந்தியது.
எனக்கு நேரில் கேட்கக் கூச்சம்.
மாடிப்படி வரை போய்
இரண்டு முறை திரும்பி வந்தேன்.
மூன்றாம் முறை கடிதம் வைத்தேன்:
ஒப்பந்தப்படி தாமதக் கட்டணம், தேதி, தொகை.
அவள் முழுதாகக் கட்டினாள்.
காசோலையோடு ஒரு சீட்டு:
'அடுப்படிக் குழாய் மூன்று வாரமாகச் சொட்டுகிறது.
நானும் எழுத்தில் தருகிறேன்.'

முகம் சுட்டது.
அன்று மாலையே குழாயை மாற்றினேன்.
அதற்குப் பிறகு நாங்கள்
ஒருவருக்கொருவர் பயப்படவில்லை.

இந்தப் பிப்ரவரியில்
விடியற்காலை நான்கு மணிக்கு வேலையிலிருந்து வந்தவள்
சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டிருக்கிறாள்.
எனக்குப் போன் செய்யுமுன்பே
கீழே ஓடி, பிரதான வால்வை மூடிவிட்டாள்.
குடிவந்த அன்றே அது எங்கே என்று காட்டியிருந்தேன்,
சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன்.
பெயிண்ட் விலை ஏழு டாலர்.
அவள் காப்பாற்றிய கூரைப்பலகையின் விலையை
கேட்காதே, இன்றைக்குத் தூங்க வேண்டும் நீ.

அவளுக்கு இந்த வருஷம் வாடகை ஏற்றவில்லை.
என் அண்ணன் சிரித்தான்.
சிரிக்கட்டும், அவனிடம் வீடும் இல்லை,
நான்கு மணிக்கு வால்வை மூட ஆளும் இல்லை.

இன்னும் நிறைய இருக்கிறது.
காப்பீடு, எலி, புகை உணர்கருவியின் பேட்டரி.
கை வலிக்கிறது.

நாளை எட்டு மணிக்கே அந்த வீட்டுக்குப் போ.
டார்ச் எடுத்துக்கொள்,
அடித்தளத்தில் விளக்கு எரியாது,
விற்பவர்கள் அதை மாற்றவே மாட்டார்கள்.
வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்.
ஈரமாக இருந்தால்
பேனாவை மூடு.

மார்லிஸ்