விரலுக்கேற்ற வீக்கம்

சாக்ஸ் தொங்கவிடுவது எங்கள் வழக்கமில்லை.
ஸ்டார் உண்டு, குடில் உண்டு,
அக்கம்பக்கம் கொடுக்க அச்சு முறுக்கு உண்டு.
டெரன்ஸ்தான் ஏதோ படப்புத்தகத்தில் பார்த்துவிட்டு
ஜன்னல் கம்பியில் மூன்றைக் கட்டிவைத்தான்.
அவனுடையதில் கட்டைவிரல் ஓட்டை.

பள்ளிக்கூடம் மூடும் நாள் சாயங்காலம்
டர்பன்டைன் வாசம் போகாத கையோடு
சிவாஜிநகரில் இறங்கினேன்.
சட்டைப்பையில் நூற்றைம்பது.
மீதி ஜனவரியில் என்றார் மேஸ்திரி.
ஜனவரியில் எந்த ஜன்னலில்
சாக்ஸ் தொங்கப்போகிறது?

மூன்று வயதுக்கு வாங்குவது லேசில்லை.
கடைக்காரர் எடுத்துக்காட்டுவதெல்லாம்
தொண்டைக்குழி அளவிலேயே இருக்கிறது.
கோலி வேண்டாம், மணிச்சரம் வேண்டாம்,
கண் கழன்றுவரும் கரடி வேண்டவே வேண்டாம்.
ஒவ்வொன்றையும் வாயருகே கொண்டுபோய்
அளந்து பார்த்தேன்.
"ஏன் சார், தின்னோக்கா?" என்றார்.
கடைசியில் சோப்புக் குமிழ் ஊதும் குப்பி, பதினைந்து ரூபாய்.
ஃபியோனாவுக்கு ஊத வராது.
நான் ஊதணும், அவள் உடைக்கணும்.
என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாக்ஸ் அவளுக்கு,
குப்பி பாதி வெளியே நிற்கும்.
நிற்கட்டும்.

எட்டு வயதுக்குக் கடை முழுக்க இருக்கிறது.
விசில் எடுத்தேன்,
கீழ்வீட்டு ஓனரம்மாவை நினைத்துத் திரும்ப வைத்தேன்.
நாற்பது சொன்ன பூதக்கண்ணாடி முப்பத்தைந்துக்கு வந்தது.
கொய்யா வாசனை ரப்பர் இரண்டு, பத்து ரூபாய்.
ஒன்றை எப்படியும் கடித்துத் தின்பான்.
ஓட்டையை அடைக்க ஒரு கமலா ஆரஞ்சு.
கிலோவாக வாங்கினால் லாபம் என்றாள்
ரஸ்ஸல் மார்க்கெட் வாசல் பழக்காரி.
லாபம் பார்க்கவும் கையில் காசு வேண்டுமே.
மூன்றே மூன்று போதும் என்றேன்.

பதினாலு வயதுக்கு?
கிளிப் பார்த்தேன்,
ஜெனிட்டா வெட்டிக்கொண்ட முடியில் நிற்காது.
நெயில் பாலிஷ் பார்த்தேன்.
ஐவரியில் ஆறு வகை தெரியும் எனக்கு,
ஈரத்தில் ஒரு நிறம் காய்ந்தால் ஒரு நிறம் என்று
ஊராருக்கு எடுத்துச் சொல்வேன்.
பெற்ற பெண்ணின் பத்து நகத்துக்கு
என்ன பிடிக்கும் என்று தெரியாமல்
அந்தத் தட்டின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ.

மீதி எவ்வளவு என்று
பேண்ட் பையைத் துழாவியபோது
விரலில் பட்டது வீட்டுச் சாவி.

ஒரே சாவி.
கடைசியாகக் கிளம்புகிறவர்
கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகணும்.
இன்று நான்தான் கடைசி.

போன் போட்டேன்.
"ஸ்டெப்புலதான் உக்காந்திருக்கோம். பரவாயில்ல,
மெதுவா வா" என்றாள்.
பின்னால் ஃபியோனாவின் அழுகை.
அதற்கும் பின்னால் ஓனரம்மாவின் குரல்,
"அம்மா இன்னூ பந்தில்வா?"
"பர்த்தாரே ஆன்ட்டி."

தினமும் இதே கேள்வி இதே பதில் என்று
அமலி ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.
சீரியலில் விளம்பரம் வரும்வரை
இடுப்பில் தங்கச்சியோடு நின்று
சாவி வாங்கிக்கொண்டு மேலே போவாளாம்.
அன்றைக்கு நான் சுவருக்கு
இரண்டாவது கோட் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு திரும்பும் முனையில்
குடைக்கு அடியில் சாவி போடும் பாய்.
நாற்பது ரூபாய். பேரம் பேசவில்லை.
பல்வலி மாதிரி ஒரு சத்தம்,
பித்தளைத் தூள்,
கையில் வாங்கும்போது இன்னும் சூடு.
பஸ்ஸுக்கு இருபது மிச்சம்.
இதுவா பரிசு,
வேலையைக் கொண்டுபோய் பொட்டலம் கட்டுகிறாயா என்று
லிங்கராஜபுரம் வரும்வரை
என்னை நானே கேட்டுக்கொண்டு வந்தேன்.

நள்ளிரவுப் பூசை முடிந்து விடிந்த காலை.
ஆரஞ்சுத் தோலில் எத்தனை குழி என்று
பூதக்கண்ணாடியில் எண்ணிக்கொண்டிருந்தான் டெரன்ஸ்.
நான் ஊத, ஃபியோனா உடைத்தாள்.
ஜெனிட்டா காகிதத்தைப் பிரித்தாள்.
சிரிக்கவில்லை, தேங்க்ஸ் சொல்லவில்லை.
எழுந்து வெளியே போய்
கதவைச் சாத்தினாள்.
டக்.

நாங்கள் நாலு பேரும் உள்ளே.
குமிழ் ஒன்று
எங்கே உடைவது என்று தெரியாமல்
ஸ்டார் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மறுபடியும் டக்.
உள்ளே வந்தவள்
"கொஞ்சம் இறுக்கமா இருக்கு,
எண்ணெய் போடணும்" என்றாள்.