எண்பத்தெட்டு

ஹீலியம் லாரி மணலி விரைவுச்சாலையில் நிற்கிறதாம்.
மூன்றாவது போன்.
முன்னால் கன்டெய்னர், பின்னால் கன்டெய்னர்,
டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தும்
ஒரு சாண் நகரவில்லை.

திருவொற்றியூரில், பழைய கயிற்றுக் கிடங்கின் மாடியில்
கடைசி சிலிண்டரின் முள் சரிகிறது.
குழாய்க்குள் இன்னும் பறக்கிறது
உராய்வே அறியாத துளி.
சில ஆயிரம் அணு, அவ்வளவுதான்.
பூஜ்யத்துக்கு மேலே அரை டிகிரிகூட இல்லை.
வழியில் ஓர் ஆர்கான் மோதினால்
விழுங்கிக்கொள்ளும்.
வந்தது கொண்டுவந்த சூட்டுக்கு
தன் உடம்பையே கொஞ்சம் உதிர்த்து
பழைய குளிருக்குத் திரும்பிவிடும்.

ஜெபசீலனும் அதைத்தான் செய்யப் பார்க்கிறான்.
மே மாதக் கடற்காற்றில் இடமில்லை;
வியர்வை போக மாட்டேன் என்று
சட்டையோடு கிடக்கிறது.
"துளியா பொறந்திருக்கலாம் மேடம்."

ராத்திரி ஒன்றரை.
இருபத்தெட்டில் ஒரு கோடு முளைத்தது.
ஏழு ஹீலியம் சேர்ந்தாலும் இருபத்தெட்டு,
நைட்ரஜனும் இருபத்தெட்டு;
புள்ளிக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில்தான்
யார் என்று தெரியும்.
தெருதான். எங்கோ ஒரு மூட்டு வழியாகத்
தெரு உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஊரெல்லாம் ஹீலியம் ஊதி ஓட்டை தேடும்.
எங்களுக்கு ஹீலியத்தில் ஹீலியத்தை எங்கே தேட?
ஜெபா ஊசியில் அசிட்டோன் எடுத்தான்.
ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு,
நான் திரையைப் பார்த்து "இல்ல... இல்ல..."
ஒன்பதாவது மூட்டில்
நாற்பத்துமூன்று துள்ளி எழுந்தது.
"அங்கதான்!"
ஒரு நட்டு. கால் திருகு.
தெரு வெளியே போனது.

அப்புறம்தான் பார்த்தோம்.
எலக்ட்ரான் அடித்து, மின் ஏறிய ஆர்கானைச் சுற்றி
அதுவரை நழுவித் திரிந்த ஹீலியம்
அசையாமல் இறுகி நிற்கிறது.
எண்பது, எண்பத்துநான்கு,
எண்பத்தெட்டில் ஓங்கி,
தொண்ணூற்றிரண்டில் சரேலென விழுந்தது கோடு.
நாற்பதைக் கழித்து நான்கால் வகுத்தேன்.
பன்னிரண்டு.

"பதிமூணாவதுக்கு எடமில்லயா?" என்றான்.
"இருக்கு. வெளிய தொத்திக்கணும்."
"நம்ம ஷேர் ஆட்டோவுல
பதிமூணாவது ஆளுதான் மேடம் டிரைவர்."

சிரித்த சிரிப்பில் கவனிக்கவில்லை,
முள் சிவப்பைத் தொட்டிருந்தது.
துளி நின்றது. கோடெல்லாம் தரையோடு தரை.
பம்பு மட்டும் ஒன்றுமில்லாததை
இழுத்துக்கொண்டே இருந்தது.

நாலே காலுக்கு நாலாவது போன்:
எர்ணாவூர் பாலம் தாண்டிட்டாராம்.
கேட்டைத் திறக்கப் போன ஜெபா
வியர்த்த கையால் சுவரில் எழுதிவிட்டுப் போனான்
88 என்று.
பார்த்துக்கொண்டே இருந்தேன்,
காயவேயில்லை.