எத்தனை பேர்

மூன்று பட்ச் கைமாறி வந்த பிஸ்கற் தகரம்.
உள்ளே ஒரு மனிசர்,
பழைய பேப்பரில் சுற்றினபடி.
கொக்குவில் அறையில்
என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறார்.
வீட்டுக்கார சுகந்தினி அன்ரிக்கு
அதற்குள் நோட்ஸ்.

முதலில் பக்கம் சொல்லப் பழகவேணும்.
இடமா, வலமா.
தொடையெலும்பை நிமிர்த்திப் பிடி:
உருண்டைத் தலை உள்நோக்கி,
கரடான வரம்பு பின்னோக்கி.
அப்ப இது இடது.
காறையெலும்பு ஏமாற்றும்.
ஆற்று வளைவு போல என்றது புத்தகம்.
ஆறில்லாத ஊர்க்காரி நான்,
தேர் நின்ற பிறகு மணலில் கிடக்கும் வடம் என்று
பாடமாக்கினேன்.

மணிக்கட்டில் எட்டு.
அதில் பட்டாணி எலும்பு ஒருநாள் காணாமற்போய்,
அன்ரியின் மகன் ஆரூரன்
தாயக் கட்டத்தில் நகர்த்திக்கொண்டிருந்தான்.
பழமேறும் தறுவாயில் இருந்ததாம்.
இரண்டு டொஃபிக்கு விட்டுத்தந்தான்.

தசை பிடிக்கும் இடமெல்லாம்
யாரோ ஒரு அக்கா கியூடெக்ஸ் பூசியிருந்தா,
தொடங்குமிடம் சிவப்பு, முடியுமிடம் நீலம்.
நாவடி எலும்பு மட்டும்
வேறெந்த எலும்பையும் தொடாது.
எங்கட பெட்டியில் அது இல்லை.

மூட்டுப் பாடம் வந்த இரவு கரண்டும் இல்லை.
போன் வெளிச்சத்தில்
நிஷாளினி இடுப்பெலும்பைப் பிடித்துக்கொள்ள
நான் தொடையின் தலையைக் கிண்ணத்தில் வைத்தேன்.
எல்லாத் திசைக்கும் சுழலும் என்று வாசித்திருந்தோம்.
சுழலவில்லை. ஆடியது,
அப்பாவின் செருப்புக்குள் பிள்ளையின் கால் மாதிரி.
வலப்பக்கம் வைத்துப் பார்த்தோம்.
அங்கே தலை பெரிது, உள்ளே போகவேயில்லை.
இரண்டு தொடையையும் மேசையில் கிடத்தினால்
ஒன்றுக்கு இரண்டு விரல் நீளம் கூட.

"இது ஒரு ஆள் இல்லையடி."

பிறகு எண்ணினோம், எலும்பை அல்ல.
இடுப்பு, ஒரு பெண்.
முள்ளந்தண்டு, விளிம்பெல்லாம் முள்வளர்ந்த ஒரு வயசாளி.
மேற்கையின் தலை இன்னும் ஒட்டிமுடியாத ஒருவருக்கு
எங்கட வயசுகூட வந்திராது.
நாலு என்றாள் நிஷாளினி.
நான் அஞ்சு என்று நினைத்தேன், சொல்லவில்லை.

வாய்மொழிப் பரீட்சையில் சேர் கேட்டார்,
வளர்ந்த உடம்பில் மொத்தம் எத்தனை?
இருநூற்று ஆறு.
குட் என்று
அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

அன்று பின்னேரம் பேப்பரெல்லாம் மாற்றினோம்.
பொருந்தியதைப் பொருந்தியதோடு சேர்த்துச் சுற்றி
நூல் கட்டினோம்.
பட்டாணி எலும்பு ஆருடையதென்று பிடிபடவில்லை.
அதைத் தனியே
ஒரு தீப்பெட்டியில், பஞ்சு வைத்து.

கதவுக்கு வெளியே அன்ரி:
"பிள்ளையள், இரவுக்கு எத்தினை பேருக்குப் புட்டு?"

இரண்டு என்று சொல்ல
எங்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.