கூட்டல் ஐந்தரை

பெட்டியைத் திறந்தால் விசிறி இதழ்களில் உப்பு.
பழைய டூத் பிரஷ்ஷால் தட்டினேன்.
தங்கச்சிமடத்து இரும்புக்கு
எட்டு வருசமே அதிகம்.

முதலில் பேக்கப்.
மெர்லினாவின் புதுநன்மைப் படங்கள்,
ஐஸ் கம்பெனிக் கணக்கு,
‘புதிய ஃபோல்டர் 3’,
அதற்குள் இன்னொரு ‘புதிய ஃபோல்டர்’,
அதற்குள் ரெமிஜியுஸின் விசைப்படகு:
பதிவுச் சான்று, டீசல் பாஸ்புக்,
மன்னார் கோர்ட்டுக்குப் போன மனுவின் ஸ்கேன்.
அதை மட்டும் இரண்டு பென்டிரைவில்.
இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாதாம்.
ஒன்று அண்ணி வீட்டு பீரோவுக்குப் போனது,
சேலை மடிப்புக்குள்.

நாற்பத்தொன்பது சதவீதத்தில்
கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
பத்து நிமிடம் தாங்கும் என்றவன்
கடையையே மூடிவிட்டுப் போய்விட்டான்.
எழுந்து நின்றேன்.
நான் நின்று என்ன ஆகப்போகிறது,
இருந்தும் நின்றேன்.
ஆறாவது நிமிடம் ஃபேன் அசைந்தது.

பிறகு கேள்விகள்.
மொழி. கீபோர்டு. நேர மண்டலம்.
பட்டியலில் இறங்கிக்கொண்டே போனால்
கூட்டல் ஐந்தரைக்கு இரண்டு வரி:
சென்னை ஒன்று,
அதை ஒட்டியே ஜெயவர்த்தனபுர.
நடுவில் ஒரு கோடுகூட இல்லை.

எதைத் தொட்டாலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டும்.
இங்கே பத்தேகால்.
படகு மணலில் சாய்ந்து கிடக்கும் அங்கேயும்
பத்தேகால்.

சென்னையைத் தொட்டேன்.
‘சற்றுப் பொறுங்கள்’ என்றது திரை.
பதினொரு மாதமாகக் கேட்கிற சொல்தான்,
புள்ளிகள் சுற்றுவது மட்டும் புதுசு.

விடிந்ததும் மனுவை மறுபடி அச்செடுக்க வேண்டும்.
எல்லாம் ஏறிவிட்டது,
பிரிண்டரைத்தான்
அதற்கு இன்னும் அடையாளம் தெரியவில்லை.