காலடிக்கு ரசீது

வங்கிப் படிவத்தில் ‘தொழில்’ என்றொரு கட்டம்.
மூன்று முறை நிரப்பி
மூன்று முறை அடித்தேன்.
நான் நடப்பவள்.
வேறு யாரோ நடந்ததாக நீங்கள் நம்புவதற்காக
நடப்பவள்.

வூச் நகரில், பழைய பஞ்சாலையின் மூன்றாம் மாடியில்
என்னிடம் நாற்பத்தொரு ஜோடிக் காலணிகள்.
இரண்டுதான் என் அளவு.
திரையில் பாதிரியார் படியிறங்கினால்
அது நான், கனத்த பூட்ஸில்.
அவரைத் துரத்தும் கடன்காரியின் குதிகாலும் நான்தான்.
உருளைக்கிழங்கு மாவைத் துணிப்பையில் கட்டி அழுத்தினால்
பனியில் நடை.
செலரித்தண்டை முறித்தால் விரலெலும்பு.
நிஜப் பனியை ஒலிவாங்கி நம்புவதில்லை.
நிஜ எலும்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் ஆறு வருஷம் எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.
சனிக்கிழமையா? சரி.
பாதி விலையா? சரி.
‘இப்போது பணமில்லை, பெயர் போடுகிறோம்.’
அதற்கும் சரி.
பெயர் போட்டார்கள்,
அரங்கில் விளக்கெரிந்து
ஆட்கள் கோட்டைத் தேடும் நேரத்தில்.
பெயரை நீட்டினால்
ரொட்டிக்கடைக்காரி மீதிச் சில்லறை தரமாட்டாள்.

ஏழாம் வருஷம்
படத்தில் ஒருவன் ஓடினான், பதினொரு நிமிஷம்.
காட்டுக்குள், சரளைக்கல்லில், மறுபடியும் காட்டுக்குள்.
எட்டாவது நிமிஷத்தில் ஒரு சத்தம்,
பட்டியலில் இல்லாதது.
டோப்ரோமிர் பதிவை நிறுத்தாமல் கேட்டான்:
‘இதை எதை வைத்துச் செய்தாய்?’

இடது முழங்காலை வைத்து.

ஐந்து வாரம் படுக்கை.
என் கணக்கைப் பார்க்கும் கிராஷினா வந்தாள்,
கையில் பீட்ரூட் சூப்பும் ஒரு தாளும்.
சூப் ஆறியது. தாள் ஆறவில்லை.
‘உனக்கு விருது வந்த மாதமும்
வாடகைக்குக் கடன் வாங்கிய மாதமும் ஒன்று’ என்றாள்.
‘நவம்பர்.’

படுத்தபடியே விலைப்பட்டியல் எழுதினேன்.
கை நடுங்கியது என்றால் மிகை. வியர்த்தது.
நடைக்கு இவ்வளவு. ஓட்டத்துக்கு இரு மடங்கு.
மாடிப்படி தனி.
அழுகிறவளின் கையில் கைக்குட்டை கசங்கும் ஒலி:
அதில் பேரம் இல்லை.
வெள்ளிக்கிழமை யாருக்காகவும் நடக்கமாட்டேன்.

மூன்று பேர் விலகினார்கள்.
ஒருவர் திட்டிவிட்டு விலகினார்.
தயாரிப்பாளர் வித்தோல்ட் முழுதும் படித்துவிட்டு
‘இத்தனை நாள் எனக்குக் கூச்சமாகவே இருந்தது’ என்றார்.
அந்தக் கூச்சத்தைப் பணமாகத் தந்திருக்கலாமே என்று
அன்றைக்குச் சொல்லவில்லை.
இன்றைக்குச் சொல்கிறேன்.

சலவை இயந்திர விளம்பரமும் செய்கிறேன்.
மறைக்க ஒன்றுமில்லை.
கதவு மூடும் அந்த ‘டப்’,
மெத்தென்று, கடனில்லாத வீட்டின் கதவு மாதிரி,
அது நான் ஒரு தடித்த அகராதியை மூடியது.
ஒரு ‘டப்’, நாலு மாத வாடகை.

அந்த நாலு மாதத்தில்தான்
வசனமே இல்லாத ஒரு படத்துக்காக
கிழட்டு நாயொன்றின் நடையைத் தேடினேன்.
ஒரு நகம் மட்டும் தரையில் இழுபட வேண்டும்.
கையுறையின் விரல்நுனியில் காகித ஊக்கு. போதவில்லை.
பொத்தான். போதவில்லை.
திட்டித் தீர்த்தேன், நாயை.
பத்தொன்பதாம் நாள்
கிதார் மீட்டும் வில்லை,
மோதிர விரலில், சற்றே தளர்வாக.
டோப்ரோமிர் சட்டென்று திரும்பி
கதவுப் பக்கம் பார்த்தான்.

அவ்வளவுதான் நடந்தது.
அதற்கு எப்படி ரசீது போடுவதென்று தெரியவில்லை.
போட்டேன், வரியோடு சேர்த்து.

இன்று வெள்ளி.
டிராமை விட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கிறேன்.
முதல் பனி.
முழங்கால் ஏதோ முணுமுணுக்கிறது, இந்தப் பருவத்தில் அதன் வழக்கம்.
காலடியில் பனி நொறுங்குகிறது,
மாவைப் போல அத்தனை கச்சிதமாக இல்லை.
இருக்கட்டும், யாரும் பதியவில்லை.

படிவம் பையில்.
ஒலிக்கூடத்துக்குப் புதுத் தரைப்பலகை வாங்கக் கடன்.
அந்தக் கட்டத்தைத் திங்கட்கிழமை நிரப்புகிறேன்.