சரக்கு இறங்கிய இடம்

தங்கச்சிமடம் சுகாதார நிலையத்தில்
ஒரு தாள் கொடுத்தார்கள்.
நேற்றுத் தின்றதை எழுத வேண்டுமாம்.

காலையில் இடியாப்பம் மூன்று.
மத்தியானம் பசியில்லை.
ராத்திரி சூடைமீன் இரண்டு, சோறு ஒரு கை.

உணவுக் கணக்குப் பார்க்கும் நதீரா, கீழக்கரைப் பிள்ளை,
கூட்டிப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள்.
"இதுக்கு ஈரல்ல இவ்வளவு கொழுப்பு ஏறாதே அண்ணே.
வேற?"
வேற ஒன்றுமில்லை.
"குடிக்கிறது?"
அது தண்ணிதானே.
தண்ணி போட்டேன் என்றுதானே
இருபது வருசமாய்ச் சொல்கிறேன்,
தண்ணிக்கு ஏது கணக்கு.

வாழ்நாளில் அதை மோந்தும் பார்த்திருக்க மாட்டாள்.
ஆனாலும் பெருக்கினாள்:
நூற்றெண்பது மில்லி,
நாற்பத்திரண்டு புள்ளி எட்டு சதம்,
அறுபத்தோரு கிராம் அசல் ஆல்கஹால்,
கிராமுக்கு ஏழு.
சீனிக்கே நாலுதானாம். நெய்க்கு ஒன்பது.
மாவுச்சத்துக் கட்டத்தில் சைபர்,
புரதத்தில் சைபர், கொழுப்பில் சைபர்,
கடைசியில் மட்டும்
நானூற்று இருபத்தேழு கலோரி.
ஏலக்கூடத்தில் இப்படி ஒரு சீட்டு வந்தால்
சட்டையைப் பிடித்திருப்பேன்.

"ஏழு இட்லி அண்ணே."

ஏழு இட்லியை உட்கார்ந்து நான் தின்றது
கடைசியாய் எந்த வருசம்?

விசைப்படகு ஓட்டுகிறவன் நான்.
தடைக்காலம் அறுபத்தொரு நாள்
கரையில் கட்டிக் கிடக்கும் படகுக்குத்
தினமும் டீசல் ஊற்றுவேனா?
ஊற்றியிருக்கிறேன்.

தண்ணி என்ற அதே வாயால்
சரக்கு என்றும் சொன்னோமே.
சரக்கு என்றால் எங்கேயாவது இறங்கத்தான் செய்யும்.
ஏறியது அன்றன்றைக்கே தெரிந்தது.
இறங்கிய துறை இப்போதுதான் தெரிகிறது:
வலது விலாவுக்குக் கீழே.

சாயங்காலம் பாம்பனில் கச்சான் காற்று
கண்ணெல்லாம் மணல்.
குவாட்டரின் லேபிளை முதன்முறையாக வாசித்தேன்.
விலை இருக்கிறது, எச்சரிக்கை இருக்கிறது,
அந்த நானூற்று இருபத்தேழைக் காணோம்.

இன்னாசியைக் கூப்பிட்டுப் பாதியை ஊற்றினேன்.
இருநூற்றுப் பதின்மூன்றரை உனக்கு.
"அது என்னடா அரை?"
பங்கு, என்றேன்.
இந்தத் தடைக்காலத்தில் நாங்கள் பிரித்த முதல் பங்கு.

அவன் உடனே குடிக்கவில்லை.
டம்ளரைக் கொஞ்ச நேரம்
கையில் தூக்கி எடை பார்த்தான்.