பயனர் எண் நாற்பது

நாற்பது லைசென்ஸ் வாங்கினார்கள்.
டீன்களுக்குப் பன்னிரண்டு,
துணை டீன்களுக்கு இருபத்து நான்கு,
பதிவாளருக்கு ஒன்று, அவர் செயலாளருக்கு ஒன்று,
ரிப்பன் வெட்டியவருக்கு ஒன்று.
அவர் இன்னும் ஒருமுறைகூட உள்ளே நுழையவில்லை.
மிஞ்சியது பராமரிப்புப் பிரிவுக்கு,
என்னையும் சேர்த்துப் பதினோரு பேருக்கு.

கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர்
இரண்டு நாள் பாடம் எடுத்தார்.
காகிதம் இனி இல்லை.
ஒவ்வொரு வேலைக்கும் ஓர் உரிமையாளர்.
பெயர் இல்லாத வேலை நடக்காத வேலை.
தினமும் காலை எட்டரைக்கு
எல்லாரும் நின்றபடியே பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.
"பெரட்டு" என்றார் நாகப்பன், என் காதருகே.
அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.
சுல்கிப்ளியும் பெரட்டு என்றுதான் சொல்கிறான்.
கணக்கு என் கையில் இருப்பதால்
நான் கிராணி.

சுங்கை தெங்காரில் மழை மாலையில்தான் பெய்யும்.
அதற்கு முன்னால் செம்பனை ஆலைப் புகை
நூலகம் வரை வந்து எட்டிப் பார்க்கும்.
ஐந்து மணிக்கு ஒவ்வொருவராக மேசைக்கு வந்து
செய்ததைச் சொல்வார்கள். நான் தட்டுவேன்.

ஆகவே பதிவின்படி
சென்ற செவ்வாய்க்கிழமை நான்
விடுதித் தண்ணீர் பம்பைக் கழற்றி மாட்டினேன்,
அதே நேரம் பி கட்டடக் கூரையில் இருந்தேன்.
மண்டபத்துப் பியானோவை
நான்கு முனையையும் நானே தூக்கி இறக்கினேன்.
வேதியியல் கூடத்தில் புகுந்த பாம்பைச் சாக்கில் பிடித்துக்
கால்வாய்க்கு அந்தப் பக்கம் விட்டேன்.
பட்டியலில் பாம்புக்கு வகை இல்லை,
"மற்றவை" என்று போட்டேன்.
மூட்டு வலிக்கு அரைநாள் விடுப்பும் எடுத்தேன்.
எனக்கு மூட்டு வலி கிடையாது.

மாதக் கடைசிக் கூட்டம்.
சுவர் முழுக்க நாற்பது கட்டம்.
முப்பத்தொன்பது வெளிறிய பச்சை, ஒன்று சிவப்பு.
"இந்தப் பயனர் ஒரு நாளில்
எண்பத்தெட்டு மணி நேரம் உழைக்கிறார்."
பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சுமையில் பெரும்பகுதியை மாற்றலாம்,
இல்லையென்றால் நிறுத்தலாம்."
நிறுத்தினால் தண்ணீர் வராது என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
அது பதினோரு பேர் என்றேன்.
"எங்கே? ஒருவர்தானே இருக்கிறார்" என்று
சுவரைக் காட்டினார்கள்.
ஜன்னலுக்கு வெளியே ஏணியில் பாப்பம்மா
அதே அறையின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
அதுவும் ஐந்து மணிக்கு என் பேரில்தான் பச்சையாகும்.

கூடுதல் லைசென்ஸுக்கு அடுத்த ஆண்டுதான் பணம்.
அதுவரை குறிப்புப் பெட்டி இருக்கிறதே,
பெயர்களை அங்கே போடுங்கள்.
இருநூற்று ஐம்பத்தைந்து எழுத்து.

காற்புள்ளியில் மிச்சம் பிடித்தேன். இடைவெளியில் மிச்சம் பிடித்தேன்.
சுல்கிப்ளி பின் ஹாருன் ஏறினான்.
பாப்பம்மா, மரியசூசை, டில் பகதூர், எல்லாரும் ஏறினார்கள்.
பம்பு அறையைப் பூட்டிவிட்டுக் கடைசியில் வருகிறவர் நாகப்பன்.
நாகப்பன் த/பெ அடைக்க
என்றதும் நின்றுவிட்டது.
எத்தனை தட்டியும் நகரவில்லை.

கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக் குனிந்து பார்த்தார்.
"அடைக்க", வாய்விட்டுப் படித்தார்.
"எதை?"
யார் பேரையாவது குறைக்கட்டுமா என்று கேட்டேன்.
"வேணாம்மா. தோட்டத்துச் செக்ரோலில
எங்கப்பனை அடக்கன்னு எழுதி வச்சிருந்தான்.
அதுக்கு இது தேவலாம்."
என் மேசையிலிருந்த மார்க்கரை எடுத்தார்.
வரி முடிகிற இடத்துக்கு நேராக,
திரையின் பிளாஸ்டிக் விளிம்பில்,
கொஞ்சம் கோணலாக எழுதினார்: லம்.
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மழைக்குள் போனார்.

இப்போது பட்டியலை எந்தப் பக்கம் உருட்டினாலும்
எந்த வேலை அந்த வரிக்கு வந்து நின்றாலும்
அதன் ஓரத்தில் லம் நிற்கிறது.
நேற்று பாப்பம்மா என் மேசையைத் துடைக்க வந்தார்.
திரையைத் துடைத்தார், விளிம்பைத் துடைத்தார்,
அந்த இடம் வந்ததும் துணியைத் தூக்கி
அடுத்த பக்கம் வைத்தார்.